பொட்டு வைக்காத பெட்டி

நான் பயந்தாங்கொள்ளி. பள்ளிக்கூடத்தில் இதைச் சொல்லிச் சிரித்தவர்கள் நிறைய உண்டு. இப்போது அதற்காகவே எனக்கு வேலை கொடுத்திருக்கிறார்கள். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, எங்கே என்ன வில்லங்கம் வரப்போகிறதோ என்று பயந்துகொண்டிருக்க வேண்டும். பயத்துக்குக் காரணம் கிடைத்தால் எழுதி மேலே அனுப்ப வேண்டும். விசிட்டிங் கார்டில் இதற்கு நீளமாக ஒரு பெயர் போட்டிருக்கிறார்கள். அக்காவிடம் வாட்ச்மேன் வேலை என்றுதான் சொல்லிவைத்திருக்கிறேன். அவள் ரிட்டயர் ஆன கணக்கு டீச்சர். விளக்கம் குறைவாக இருந்தால் அவளுக்குப் பிடிக்கும்.

பல கம்பெனிகளின் நெட்வொர்க்கை எங்கள் அலுவலகம் காவல் காக்கிறது. ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டர்கள் யார் யாரோடு பேசுகின்றன என்ற தகவல் எங்கள் திரையில் கோடுகளாக நொடிக்கு நொடி வந்துகொண்டே இருக்கும். என்ன பேசின என்பது வராது. மொட்டை மாடியில் நின்று எதிர்வீட்டு வாசலைப் பார்ப்பது மாதிரிதான். யார் வந்தார்கள், எவ்வளவு நேரம் இருந்தார்கள், போகும்போது கையில் இருந்த பை பெரிதா சிறிதா, அவ்வளவுதான் தெரியும். ஆனால் ஒரு வாசலை மாதக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்தால் பால்காரர் வராத நாளும் தெரிந்துவிடும், வேண்டாத ஆள் நுழைந்த நாளும் தெரிந்துவிடும்.

அப்படி நான் பார்க்கும் வாசல்களில் ஒன்று, முடிச்சூர் ரோட்டில் இருக்கிற ஒரு ஆஸ்பத்திரி. அக்காவுக்கு அங்கேதான் டயாலிசிஸ். அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை, அப்பா அம்மாவும் இல்லை, நான்தான் எல்லாம். வாரத்தில் மூன்று நாள், இரும்புலியூரில் அவள் வீட்டுப் பக்கத்தில் இருக்கும் ஆட்டோக்காரர் கொண்டுபோய் விடுவார். அவளுடைய ரத்தம் குழாய் வழியாக வெளியே வந்து, மெஷினுக்குள் போய்ச் சுத்தமாகி, திரும்ப உடம்புக்குள் போகும். அந்த நான்கு மணி நேரமும் நான் சிட்லபாக்கத்தில் என் வீட்டிலோ அலுவலகத்திலோ உட்கார்ந்து, அந்த ஆஸ்பத்திரியின் கோடுகளை மற்ற கோடுகளைவிடக் கொஞ்சம் அதிகமாகப் பார்ப்பேன். இது எங்கள் மேனேஜருக்குத் தெரியாது. தெரிந்தால் பாரபட்சம் என்பார். பாரபட்சம்தான்.

ஆயுத பூஜை அன்றைக்கு எனக்கு டியூட்டி. அலுவலகத்துச் சின்னஞ்சிறுசுகள் எல்லாம் ஊருக்குப் போக லீவு கேட்டார்கள். நான் வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்கிறேன் என்று ஏற்றுக்கொண்டேன்.

எங்கள் தொழிலில் ஆயுத பூஜை ஒரு தலைவலி. எங்கள் மென்பொருளை எங்கோ வெளிநாட்டில் எழுதியிருக்கிறார்கள். அதற்குப் பண்டிகை தெரியாது. தமிழ்நாட்டுக் கம்பெனிகளில் கம்ப்யூட்டரை அணைத்து, துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, கற்பூரம் காட்டிவிடுவார்கள். பூஜையில் வைத்ததை மறுநாள் விஜயதசமிக் காலையில்தான் எடுத்துப் புழங்க வேண்டும், அதுவரை கை வைக்கக் கூடாது. கோடுகள் எல்லாம் ஒரேயடியாகப் படுத்துவிடும். மென்பொருள் பதறிப்போய், நெட்வொர்க் செத்துவிட்டது, என்ன ஏது பார் என்று சிவப்பு சிவப்பாகக் கத்தும். அதனால் வருடா வருடம் அன்றைக்கு மட்டும் அதன் வாயை அடைத்துவைப்போம். மேனேஜர் முதல் நாளே சொல்லிவிட்டார்.

"எல்லா கஸ்டமருக்கும் அலர்ட்டை ஆஃப் பண்ணிட்டு ரிலாக்ஸ்டா இருங்க சார். பொரி சாப்பிடுங்க."

ரிலாக்ஸ்டாக இரு என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் அலர்ட்டை அணைத்தேன், கண்ணை அணைக்கவில்லை. பக்கத்தில் பொரியும் கடலையும் வைத்துக்கொண்டு, படுத்துக்கிடந்த கோடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

ஆஸ்பத்திரியின் கோடு முழுவதும் படுக்கவில்லை. அவசர சிகிச்சை ஓடிக்கொண்டிருந்தது. டயாலிசிஸ் அறையும் ஓடியது, அதை நிறுத்த முடியாது. அக்கா காலையிலேயே போன் செய்து சொல்லியிருந்தாள், மெஷின்களுக்கு ஓட ஓடவே பொட்டு வைத்தார்களாம். அந்த அறையின் டெக்னீஷியன் உட்காரும் மேஜைக் கம்ப்யூட்டரை மட்டும் அணைத்து, மாலை போட்டு, கீழே நோட்டுப் புத்தகங்களை அடுக்கிப் பூஜையில் வைத்துவிட்டார்கள், இன்றைக்கு எல்லாவற்றையும் காகிதத்தில் எழுதிக்கொள்கிறார்கள் என்றாள். சுண்டலில் உப்பு இல்லாதது நல்லதாகப் போயிற்று, அவளால் சாப்பிட முடிந்ததாம்.

அந்த மேஜைக் கம்ப்யூட்டர்தான் பேசிக்கொண்டிருந்தது.

முதலில் நான் பெயரைத் தப்பாகப் படித்துவிட்டேன் என்று நினைத்தேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். அதேதான். அணைத்து மாலை போட்ட கம்ப்யூட்டர், நாங்கள் யாருமே கேள்விப்படாத ஒரு வெளி முகவரிக்குக் கொஞ்சம் கொஞ்சமாக எதையோ அனுப்பிக்கொண்டிருந்தது. சின்னப் பேச்சு, இடைவெளி, மறுபடி அதே அளவு சின்னப் பேச்சு. மனிதர்கள் வேலை செய்யும்போது கோடு தாறுமாறாக இருக்கும். இப்படி ஒழுங்காக மூச்சு விடுவது, உள்ளே புகுந்த ஒன்று வெளியே இருக்கிற தன் எஜமானிடம் 'நான் இருக்கிறேன், என்ன செய்யட்டும்' என்று கேட்கிற பேச்சு. மற்ற நாளில் நூறு சத்தங்களுக்கு நடுவில் இது கேட்டிருக்காது. பூஜையினால் ஊர் அடங்கியிருந்ததால் கேட்டுவிட்டது.

பொரியைத் தள்ளி வைத்தேன்.

மேனேஜருக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். பின்னால் கோயில் மணிச் சத்தம் கேட்டது.

"டிக்கெட் போட்டாச்சா?" என்றார். புகாரைப் பதிவு செய்வதற்கு எங்கள் தொழிலில் அதுதான் பெயர்.

"போட்டாச்சு. ஆஸ்பத்திரி ஐ.டி. ஆள் போனை எடுக்கல."

"அவர் ஊருக்குப் போயிருப்பார். மெயில் போட்டுட்டு வெயிட் பண்ணுங்க. அவங்க ஓகே சொல்லாம கை வைக்காதீங்க சார். ஆஸ்பத்திரி அது. நாம கட் பண்ணி ஏதாவது நின்னு போச்சுன்னா யார் பதில் சொல்றது?"

அவர் சொன்னதில் தப்பில்லை, அதுதான் எனக்கு எரிச்சல். துண்டிக்கிற பட்டன் என் திரையிலேயே இருந்தது. ஆனால் எதைத் துண்டித்தால் எது நிற்கும் என்று எனக்குத் தெரியாது. டயாலிசிஸுக்குக் குடம் குடமாகச் சுத்தமான தண்ணீர் வேண்டும். பின்னறையில் அதற்கு ஒரு தண்ணீர் பிளான்ட் இருக்கிறது. அதைக் கண்காணிப்பது இதே மேஜைக் கம்ப்யூட்டர். தண்ணீர் நின்றால் எல்லா மெஷினும் அலறிக்கொண்டு நிற்கும். அதற்கு மேல் அந்த பிளான்ட்டைப் பற்றி எனக்குத் தெரிந்தது நெட்வொர்க்கில் அதற்கு இருக்கும் பெயர் மட்டும்தான்.

மெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே கோடு மாறியது. அந்தக் கம்ப்யூட்டர் வெளியே பேசுவதை விட்டுவிட்டு, அக்கம்பக்கத்துக் கதவுகளைத் தட்ட ஆரம்பித்தது. ரிசப்ஷன், பார்மசி, லேப், வரிசையாக ஒவ்வொன்றாக. திறந்திருக்கிறதா என்று பார்க்கிற தட்டல். திருட வருகிறவனுக்கு எங்கள் மேனேஜரை மாதிரியே லீவு நாள் கணக்கு நன்றாகத் தெரியும். கடைசியாகத் தண்ணீர் பிளான்ட்டின் பெயர் திரையில் வந்தது. அதன் கதவையும் தட்டியது. அது திறந்தது.

இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டேன். அக்காவின் ரத்தம் அந்த நேரத்தில் அவள் உடம்புக்கு வெளியே குழாயில் ஓடிக்கொண்டிருக்கிறது. என் மனதில் வேறு எதுவும் இல்லை.

அந்த ஆஸ்பத்திரிக்குள் நான் கூப்பிட்டால் உடனே எடுக்கக்கூடியவள் அவள் ஒருத்திதான். அந்த அறையில் சிக்னல் எடுக்காது, ஆஸ்பத்திரி வைஃபையில்தான் பேசுவாள். கூப்பிட்டேன்.

"என்னடா, டியூட்டில இல்லயா?"

"அக்கா, உனக்கு எல்லாம் சரியா ஓடுதா?"

"ஓடுது. ஏன்டா குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"டெக்னீஷியன் பக்கத்துல இருக்காரா? போனை அவர்கிட்ட குடு."

அவள் ஏன் என்று கேட்கவில்லை. "தம்பி, இங்க கொஞ்சம் வாங்க. என் தம்பி, ஏதோ கம்ப்யூட்டர் விஷயமாம்" என்று கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் போட்டுவிட்டாள் போலிருக்கிறது, மெஷின்களின் முனகலும் சேர்ந்து கேட்டது.

"சொல்லுங்க சார்" என்றார் டெக்னீஷியன்.

"உங்க டேபிள் மேல இருக்கிற கம்ப்யூட்டர் ஆன்ல இருக்கா?"

"இல்ல சார், ஆஃப்ல கீது. பூஜைல வச்சிக்கிறோம்."

"யார் ஆஃப் பண்ணது?"

"நான்தான் சார். ஸ்கிரீன அமுக்கி ஆஃப் பண்ணிட்டுத்தான் பொட்டே வச்சேன்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. திரையை அணைத்திருக்கிறார். பெட்டியை அணைக்கவில்லை. கீழே மேஜைக்கு அடியில், மாலையும் சந்தனமும் போட்டுக்கொண்டு, அது பாட்டுக்கு விழித்துக்கொண்டிருக்கிறது.

"டேபிளுக்குக் கீழ பெட்டில லைட் எரியுதா பாருங்க."

போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "மினுக் மினுக்குனு எரியுது சார்" என்றார்.

"அதுக்குள்ள வேற யாரோ வெளியிலிருந்து வந்து உக்காந்திருக்காங்க. உங்க தண்ணி பிளான்ட் வரைக்கும் போயிட்டாங்க. பெட்டிக்குப் பின்னாடி நீல ஒயர் ஒண்ணு இருக்கும், அதைப் பிடுங்கிடுங்க."

"சார், அதுல கை வைக்கக் கூடாது சார்."

மேனேஜர் சொன்ன அதே வார்த்தை. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"பூஜை முடிஞ்சி போச்சு சார். நாளைக்குக் காலைல கற்பூரம் காட்டிட்டுத்தான் தொடணும். போன வருஷம் இப்டித்தான் ஒருத்தர் அவசரம்னு தொட்டாரு, அந்த வாரமே பிளான்ட் ரிப்பேர். பேஷண்ட்டுங்கள்லாம் ரொம்ப பேஜாராப் பூட்டாங்க. நான்தான் சார் அவங்க மூஞ்சியப் பாத்துகினு நின்னேன்."

வேறு நாளாக இருந்தால் கத்தியிருப்பேன், எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். ஆனால் அந்தக் குரலை எனக்கு அடையாளம் தெரிந்தது. நான் எதற்காகப் பயந்தேனோ அதற்காகத்தான் அவரும் பயந்தார். படுத்திருக்கிறவர்களுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது, அவ்வளவுதான். கண்ணுக்குத் தெரியாத ஒன்றை நம்பி நடுங்குவதில் நான் எந்த விதத்தில் அவரைவிட ஒசத்தி?

"நெட் இல்லன்னா தண்ணி பிளான்ட் ஓடுமா?" என்று மட்டும் கேட்டேன்.

"ஓடும்னுதான் சார் நெனைக்கிறேன். நிறுத்திப் பாத்ததில்ல."

அக்காவின் குரல் வந்தது. டீச்சர் குரல், அதில் அவசரமே இல்லை.

"தம்பி, இவன் காரணமே இல்லாமயும் பயப்படுவான், காரணம் இருந்தாலும் பயப்படுவான். இது எதுன்னு எனக்குத் தெரியல. ஆனா இது வரைக்கும் டயாலிசிஸ் நடுவுல எனக்கு ஒரு தடவைகூட போன் பண்ணதில்ல. நீங்களும் சாமியத் தொட வேணாம். தொடாம செய்ய ஏதாவது வழி இருக்கா பாருங்க."

டெக்னீஷியன் யோசிக்கும் சத்தம்கூட எனக்குக் கேட்ட மாதிரி இருந்தது. "டீச்சர்" என்று ஆரம்பித்தார்.

போன் தொடர்பு அறுந்தது.

திரையைப் பார்த்தேன். டயாலிசிஸ் அறையின் கோடுகள் அத்தனையும் ஒரே நொடியில் படுத்துவிட்டன. மேஜைக் கம்ப்யூட்டர், தண்ணீர் பிளான்ட், அறையில் இருந்த வைஃபை, எதுவும் இல்லை. எத்தனையோ வருடமாக நான் தேடித் தேடி ஏங்குகிற அமைதி அதுதான், தப்பான பேச்சு ஒன்றுகூட இல்லாத அமைதி. அதைப் பார்த்து நான் இவ்வளவு பயந்தது கிடையாது. அவர் ஏதோ செய்து நிறுத்தினாரா, உள்ளே இருந்தவன் எல்லாவற்றையும் பூட்டிவிட்டானா என்று தொலைவிலிருந்து பார்க்கிறவனுக்குத் தெரியாது. இரண்டுக்கும் திரையில் ஒரே படம்தான். மறுபடி மறுபடி அக்காவைக் கூப்பிட்டேன். ரிங்கே போகவில்லை. ரிசப்ஷனுக்கு அடித்தேன், யாரும் எடுக்கவில்லை.

லேப்டாப்பை அப்படியே திறந்து போட்டுவிட்டு வண்டியை எடுத்தேன். ஹெல்மெட் நினைவு வந்தபோது சுரங்கப்பாதையைத் தாண்டியிருந்தேன். ஜி.எஸ்.டி. ரோடு முழுக்கப் பூசணிக்காய். ஒவ்வொரு கடை வாசலிலும் உடைத்துப் போட்டிருந்தார்கள், குங்குமத்தோடு சிவப்புச் சிவப்பாகக் கிடந்தது. அன்றைக்கு என்னால் அந்த நிறத்தைப் பார்க்கவே முடியவில்லை. வாழைக்கன்று கட்டிய பஸ்கள் ஹாரனை அமுக்கிக்கொண்டு சந்தோஷமாகப் போயின. தாம்பரத்தில் ஒரு பூசணித் துண்டின் மேல் சக்கரம் ஏறி வண்டி வழுக்கியது. காலை ஊன்றி நிமிர்த்திக்கொண்டேன். ஒருவர், "பாத்துப் போ சார், வூட்டுல சொல்லிகினு வந்தியா" என்றார்.

டயாலிசிஸ் மெஷின் திடீரென்று நின்றுபோனால், பக்கவாட்டில் இருக்கும் கைப்பிடியைச் சுற்றி, வெளியே இருக்கிற ரத்தத்தைக் கையாலேயே உடம்புக்குள் திருப்பி அனுப்பலாம் என்று அக்கா ஒருமுறை சொல்லியிருக்கிறாள். அறை நிறையக் கட்டில்கள். பண்டிகை நாளில் எத்தனை கைகள் இருக்கும் என்று நினைத்தேன். அவளுடைய கட்டில் கடைசியில், ஜன்னல் ஓரம். முதலில் இருந்து சுற்றிக்கொண்டு வந்தால் அவளிடம் எப்போது வருவார்கள்? முடிச்சூர் ரோட்டில் திரும்பும்போது வாய்விட்டு அழுதேன். வண்டி ஓட்டிக்கொண்டே அழுகிறவனை யாரும் பார்ப்பதில்லை, அது ஒரு வசதி.

அந்த அறைக் கதவைத் தள்ளியபோது முதலில் கேட்டது மெஷின்களின் முனகல். எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றின் நெற்றியிலும் பொட்டு இருந்தது. கடைசிக் கட்டிலில் அக்கா தலையணையைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டு, என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"செருப்பு எங்கடா?"

குனிந்து பார்த்தேன். ஒரு காலில் செருப்பு இல்லை. வண்டி வழுக்கிய இடத்தில் விழுந்திருக்க வேண்டும்.

டெக்னீஷியன் ஓடி வந்தார். "சார், பூஜைப் பெட்டில நான் கையே வைக்கல" என்றார், நான் அதைத்தான் கேட்க வந்திருக்கிறேன் என்பது போல. பிறகு சுவரைக் காட்டினார். கூரைக்குக் கீழே தூசி படிந்து ஒரு சின்னப் பெட்டி. அறையின் எல்லா ஒயர்களும் அதில்தான் வந்து சேர்கின்றன. "அத்த யாருமே கண்டுக்கல சார். பொட்டு வைக்க மறந்துட்டோம். பூஜைல இல்லாததத் தொட்டா ஒண்ணும் தப்பில்லியே. ஸ்டூல் போட்டு ஏறி சுவிட்ச ஆஃப் பண்ணேன். டீச்சரு போனும் அதுலதான் ஓடுதுன்னு அப்பால தெரிஞ்சிது."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. தண்ணீர் பிளான்ட் நெட் இல்லாமலும் ஓடும் என்பது அன்றைக்குத்தான் அவருக்கும் உறுதியாகத் தெரிந்தது.

நான் அக்காவின் கட்டில் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்த பிறகு மேனேஜர் போன் செய்தார். ஜன்னலை ஒட்டி நின்றால் என் சிம்முக்கு மட்டும் கொஞ்சம் சிக்னல் வருகிறது. ஆஸ்பத்திரியிலிருந்து அனுமதி வந்துவிட்டதாம், இப்போது துண்டிக்கலாமாம். சரி என்றேன். பின்னால் வந்து ஆராய்ந்தவர்கள், அந்தக் கம்ப்யூட்டருக்குள் ஆள் நுழைந்து வெகு நாளாகியிருக்கலாம் என்றார்கள். தண்ணீர் பிளான்ட்டின் கதவைத் திறந்தவன் உள்ளே என்ன செய்வதாக இருந்தான் என்று அவர்களாலும் சொல்ல முடியவில்லை. ஒருவேளை ஒன்றும் செய்திருக்க மாட்டான் என்றார் ஒருவர், என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரி.

அன்றைக்கு நான் போனை வைத்ததும் அக்கா ஊசி குத்தியிருந்த கையை அசைக்காமல், முகத்தை மட்டும் என் பக்கம் திருப்பினாள்.

"இப்ப போயிட்டானாடா? இனிமே ஒண்ணும் ஆகாதில்ல?"

எங்கள் ரிப்போர்ட்டில் 'ஆபத்து இல்லை' என்று ஒருநாளும் எழுத மாட்டோம். எழுதக் கூடாது என்று விதி. 'எங்கள் பார்வைக்கு வந்த வரையில் எதுவும் இல்லை' என்று எழுதுவோம். நூறு தடவை எழுதியிருப்பேன், ஒரு தடவைகூட அது என்ன சொல்கிறது என்று யோசித்ததில்லை. அக்காவிடம் பொய் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். வரவில்லை.

"நான் பாத்த வரைக்கும் ஒண்ணும் இல்லக்கா" என்றேன்.

கணக்கு டீச்சர் அல்லவா, அந்த 'வரைக்கும்' அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. என்னைத் திட்டவில்லை. தலையணையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

"அப்ப பாத்துக்கிட்டே இரு" என்றாள்.

ஷிப்ட் முடிய இன்னும் நேரம் இருந்தது. வீட்டில் லேப்டாப் திறந்தபடி கிடந்தது, மற்ற கம்பெனிகளின் கோடுகளைப் பார்க்க அங்கே ஆள் இல்லை. நான் போயிருக்க வேண்டும். குழாயில் ரத்தம் போவதையும் வருவதையும் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன், எழுந்து போக எனக்குப் பயமாக இருந்தது.